கரண்டு போனால் விழும் கைப்பிடி

முதலாளி கல்லாவில் இருந்தார். சேலத்து ஏஜெண்டு நாற்காலியில் இருந்தார், மடியில் தோல்பை. ஒயர்மேன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். இறந்தவரின் தம்பி சுவரோரம் நின்றார். இறந்தவரின் மனைவி மேசைக்கு முன்னால் நின்றார். நான் உள்ளே மோட்டார் கட்டிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் இல்லை.

மாரண்டஹள்ளியில், பாலக்கோடு போகும் ரோட்டில் அந்தக் கடை. கிணற்று மோட்டார், பைப்பு, ஸ்டார்ட்டர் விற்பார்கள். எரிந்த மோட்டார் வந்தால் பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி கட்டிக் கொடுப்பது என் வேலை. அஞ்சாவது வரை படித்தேன். அதற்கு மேல் கம்பிதான்.

எண்பத்தாறா, எண்பத்தேழா, சரியாகச் சொல்ல வரவில்லை. பங்குனி மாதம். அதற்கு முதல் நாள்தான் எங்கள் மாதா கோயிலில் இறந்தவருக்கு முப்பதாம் நாள் பூசை வைத்தார்கள். நானும் போயிருந்தேன். அவர் எனக்குச் சொந்தம் இல்லை. ஒரே பங்குக் கோயில், அவ்வளவுதான்.

அந்த அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"ஏங்க, அந்தப் பழைய பெட்டியைக் குடுத்துருங்க. புதுசை நீங்களே எடுத்துக்குங்க."

"எந்தப் பெட்டிம்மா?" என்றார் முதலாளி.

"எங்கூட்டுக்காரரு போன வருசம் இங்க போட்டுட்டு வந்தாரே. எண்ணெப் பெட்டி."

முதலாளி என்னைப் பார்த்தார். அது எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். பின்பக்கம், காயலான் கடைக்குப் போகும் இரும்புக் குவியலில்.

எண்ணெய்ப் பெட்டி என்றால் ஆயில் ஸ்டார்ட்டர். வார்ப்பு இரும்பில் ஒரு பெட்டி. உள்ளே எண்ணெய். பக்கவாட்டில் கைப்பிடி. கைப்பிடியைக் கையால் தூக்கி ஏற்றினால் மோட்டார் ஓடும். ஏற்றிய கைப்பிடியை உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், காயில் என்போம், பிடித்துக்கொள்ளும். கரண்டு போனால் காயில் விட்டுவிடும். கைப்பிடி தொப்பென்று கீழே விழும். திரும்பக் கரண்டு வந்தாலும் மோட்டார் ஓடாது. ஒரு ஆள் வந்து ஏற்ற வேண்டும்.

புதுசு அப்படி இல்லை. கையடக்கமான தகரப் பெட்டி. பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். பச்சையை அமுக்கினால் உள்ளே காயில் தானே இரும்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் சூடானாலும் கரண்டை அறுத்துவிடும். நல்ல சாமான். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தானே இழுக்க அதற்கு முழு வோல்டேஜ் வேண்டும். எங்கள் பக்கம் கோடையில் அது கிடையாது. எல்லாக் கிணற்றிலும் ஒரே நேரத்தில் மோட்டார் போடுவார்கள். லைன் கடைசியில் இருப்பவனுக்கு பல்பு சிவப்பாக எரியும். பொத்தானை அமுக்கினால் ஸ்டார்ட்டர் டர்ரென்று அடித்துவிட்டு நின்றுவிடும்.

பழசுக்கு அந்தப் பாடு இல்லை. ஏற்றுவது ஆள் கை. காயிலுக்குப் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும்தான். குறைந்த கரண்டிலும் பிடித்து நிற்கும். சுத்தமாகப் போனால்தான் விடும்.

புதுசு வாங்கியவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே இரும்பை அமுக்கி, ஒரு குச்சியைச் செருகிவிடுவார்கள். முட்டு கொடுப்பது என்று பெயர். முட்டு கொடுத்தால் வோல்டேஜ் எவ்வளவு இருந்தாலும் ஓடும். கரண்டு போனாலும் விடாது. வந்தால் தானே ஓடும். மோட்டார் சூடானாலும் அறுக்காது. ஸ்டார்ட்டர் இருக்கும், ஆனால் இல்லாத மாதிரி. எங்கள் பக்கம் கிணற்றுக்குக் கிணறு அந்தக் குச்சி இருந்தது. சிலர் அதை அளவாகச் செதுக்கி, ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

இறந்தவர் கிணற்றிலும் இருந்தது.

பழைய ஸ்டார்ட்டரின் காயில் எரிந்துபோனதால்தான் அவர் அதை எடுத்துக்கொண்டு போன வருசம் கடைக்கு வந்தார். காயில் இல்லை, கம்பெனியில் போடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று முதலாளி சொன்னார். அது பொய் இல்லை. பழசைப் போட்டுவிட்டுப் புதுசு எடுத்துக்கொண்டு போனார். கோடை வந்ததும் முட்டு கொடுத்தார். எல்லோரும் கொடுத்தார்கள், அவரும் கொடுத்தார்.

எங்கள் பக்கம் கிணற்றுக்குள்ளே கல் கட்டி, அதன் மேல் பம்பும் மோட்டாரும் வைத்திருப்பார்கள். ஸ்டார்ட்டர் மேலே, மோட்டார் ரூமில். பம்பில் வேலை இருந்தால் கரண்டு போகும்வரை காத்திருப்பார்கள். போனதும் இறங்குவார்கள். மெயினை அணைக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கைப்பிடி விழுந்தால் அதுதான் மெயின். வருசக்கணக்காக அவர் அப்படித்தான் இறங்கினார். அவர் அப்பனும் அப்படித்தான்.

அன்றைக்கும் கரண்டு போனது. பம்புத் தண்டில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குக் கயிறு திணிக்க இறங்கினார். தோளில் துண்டு. கரண்டு வந்தது. மேலே குச்சி பிடித்துக்கொண்டிருந்தது. மோட்டார் சுற்றியது. மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கில் துண்டு சிக்கியது.

அந்த அம்மா தக்காளிப் பாத்தியில் இருந்தார். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டு மடை திருப்பப் போனார். தண்ணீர் கொஞ்ச நேரம் வந்தது. பிறகு நின்றது.

மோட்டாரும் எரிந்துவிட்டது. நான் உள்ளே கட்டிக்கொண்டிருந்தது அந்த மோட்டாரைத்தான்.

ஏஜெண்டு கொஞ்ச வயது. கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் எல்லாம் அவர் லைன். விசயம் இன்னதென்று தெரியாமல்தான் பேச ஆரம்பித்தார்.

"பழசு வேண்டாம்மா. அது அவுட் ஆஃப் டேட். சேப்டி இல்லை."

ஒயர்மேன் படியிலிருந்து திரும்பினான். "சார், அந்தம்மாவுக்கு சேப்டி சொல்லாதீங்க."

ஏஜெண்டு முழித்தார். முதலாளி தணிந்த குரலில் விசயத்தைச் சொன்னார். ஏஜெண்டு பையைக் கீழே வைத்தார்.

"குச்சி வெச்சா எந்த ஸ்டார்ட்டரும் காப்பாத்தாதும்மா. குச்சியை எடுத்துட்டா புதுசுதான் நல்லது. நான் கம்பெனிக்காகச் சொல்லலை," என்றார்.

"எடுத்தா ஓடாதுங்க."

"வோல்டேஜ் வந்தா ஓடும்."

"எப்ப வருங்க?"

அது ஏஜெண்டு கையில் இல்லாத விசயம்.

ஒயர்மேன் சொன்னான். "ஏன் சார், குச்சிக்குன்னு கம்பெனில ஒரு கேரண்டி போட்டுக் குடுத்துருங்களேன். எல்லா வூட்லயும் அதான் ஓடுது."

"குச்சி எங்க அயிட்டம் இல்லைப்பா."

"அதான் வெலை கொறைவு."

யாரும் சிரிக்கவில்லை. ஒயர்மேனும் சிரிக்கவில்லை. அந்தப் புது ஸ்டார்ட்டரை மாட்டியது அவன்தான். குச்சி அவன் வைக்கவில்லை. ஆனாலும் அந்த மாதம் முழுக்க அவன் அப்படித்தான் ஏதாவது பேசிக்கொண்டிருந்தான்.

தம்பி அப்போதுதான் வாய் திறந்தார். "அண்ணி, எதுக்கு இந்த அலைச்சலு? பொம்பள ஆளு மோட்டார் போடறதா? நெலத்தை நாம் பாத்துக்கறன். குத்தகை மாதிரி வெச்சுக்கலாம். புள்ளைங்களுக்கு வேண்டியதை நாங் குடுக்கறன்."

"உனக்கு உன்னோட காடு இருக்குது."

"இருந்தா என்ன? அண்ணன் காடு எனக்கு வேத்துக்காடா?"

"இன்னைக்கு மோட்டாரைக் குடுத்தா நாளைக்குத் தண்ணி உன்னுது. மறுநாளு நெலம் உன்னுது. எங்காட்டுல நானே கூலிக்கு வரோணும். அதானே?"

"அப்பிடி எல்லாம் நான் சொன்னனா?"

"சொல்லலை. நான் சொல்றன்."

தம்பி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மா சொன்னதும் தப்பு இல்லை. கிணற்று மோட்டாரை யார் போடுகிறார்களோ, நிலம் அவர்களுடையது. பட்டா யார் பேரில் இருந்தாலும் நடப்பு அதுதான். வயலில் தக்காளி நின்றுகொண்டிருந்தது. அதுவரைக்கும் பக்கத்துக் கிணற்றுக்காரர் மடை விட்டுக் காப்பாற்றினார். அவருக்கே தண்ணீர் குறைந்துகொண்டு வந்தது.

"நீங்களே முட்டுக் குடுத்து ஓட்டிக்கலாமேம்மா," என்றார் முதலாளி. "மெயினை மட்டும் அணைச்சுட்டு எறங்கினாப் போதும்."

"நான் எறங்க மாட்டங்க. ஆளு வெச்சுத்தான் எறக்கணும். எறங்கறவன் பழைய ஞாபகத்துல எறங்குவான். நான் காட்டுல இருப்பன். மெயினு அணைச்சானா இல்லையான்னு எனக்கெப்பிடித் தெரியும்? எனக்குத் தானா விழுவறது வேணும்."

ஏஜெண்டு சொன்னார். "பழசுலயும் லோ வோல்டேஜ்ல ஓட்டினா மோட்டார் எரியும்மா. அதை நான் சொல்லணும்."

"மோட்டார் எரிஞ்சா கட்டிக்கலாங்க."

நான் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனேன். குவியலில் இருந்து அந்தப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தேன். கனமான சாமான். எண்ணெய் காய்ந்து பிசுக்கு ஏறியிருந்தது. திறந்து பார்த்தேன். தாமிரப் பட்டைகள் நன்றாக இருந்தன. காயில் கருகிக் கிடந்தது.

"காயிலை நான் சுத்திப் பாக்கறேன் முதலாளி," என்றேன்.

"கைச்சுத்து நிக்குமாப்பா?"

"தெரியாதுங்க."

"தெரியாததை எப்பிடிக் குடுக்கறது?"

"பாத்துட்டுத்தான் குடுக்கணும்."

முதலாளி அந்த அம்மாவைப் பார்த்தார். "புதுசைத் திருப்பி எடுத்துக்கறேன். ஆனா இதுக்கு நான் பொறுப்பில்லை, கேட்டுக்கம்மா."

"பொறுப்பு கேக்கலிங்க. பெட்டி கேட்டன்."

கருகிய காயிலைப் பிரித்துச் சுற்று எண்ணினேன். கம்பியின் தடிமன் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒட்டிப்போயிருந்ததால் எண்ணிக்கை சரியாக வரவில்லை. மனதில் ஒரு கணக்கு வைத்துச் சுற்றினேன். வார்னிஷ் தடவி அடுப்பு ஓரத்தில் காயவைத்தேன். கம்பெனியில் அதை மூடிய அடுப்பில் வேகவைப்பார்கள். எங்களிடம் அது இல்லை.

மோட்டாரும் பெட்டியும் மாட்டுவண்டியில் போயின. ஒயர்மேனும் நானும் சைக்கிளில் போனோம். மோட்டாரை இறக்கிவைத்தோம். கல்லைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

மேலே வந்து பழைய ஸ்டார்ட்டரை மாட்டினோம். அந்த அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். மூத்த பெண் கதவோரம் நின்றது. ஒயர்மேன் ஏற்றிக் காட்டினான். மோட்டார் எடுத்தது. தண்ணீர் வந்தது. அந்த அம்மா தண்ணீர் பக்கம் திரும்பவில்லை.

"இப்ப மெயினைப் புடுங்குங்க."

ஒயர்மேன் மெயினை அணைத்தான். கைப்பிடி விழுந்தது.

"இப்பப் போடுங்க."

மெயினைப் போட்டான். மோட்டார் ஓடவில்லை. கைப்பிடி கீழேயே கிடந்தது.

"மறுக்காவும்."

மறுபடியும் செய்தோம். பிறகு அந்த அம்மாவே ஏற்றினார். கனம் தெரியாமல் முதல் தடவை பாதியில் விட்டுவிட்டார். ஒயர்மேன் கை நீட்டினான்.

"வுடுங்கண்ணா, நான் போடறன்."

ஏற்றினார். நின்றது. மெயினை அவரே அணைத்தார். விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பெண் ஒரு அடி பின்னால் போனது. அந்த அம்மா அப்போதுதான் தலைமுக்காட்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

புது ஸ்டார்ட்டரைக் கழற்றி எடுக்கும்போது குச்சி கீழே விழுந்தது. புளியங்குச்சி. ஒயர்மேன் அதை எடுத்து வெளியே அடுப்புப் பக்கம் போட்டான்.

என் காயில் தக்காளி முதல் பறிப்பு வரைக்கும் நின்றது. அப்புறம் எரிந்தது. அந்த அம்மா பெட்டியோடு பஸ் ஏறி வந்தார். இன்னொன்று சுற்றிக் கொடுத்தேன். அது அதைவிடச் சீக்கிரம் எரிந்தது. வார்னிஷ் வேகாத காயில், கோடைச் சூடு, இரவு பகல் என்று எந்நேரமும் ஏறி இறங்கும் வோல்டேஜ். நிற்காது. மூன்றாவது தடவை வந்தபோது தம்பியும் கூட வந்திருந்தார்.

"அண்ணி, எத்தனை வாட்டி இப்பிடி? பாத்தி காயுது. நான் எங்கிணத்துல இருந்து மடை வுடறன். வர்ற பட்டத்துக்கு நான் உழுதுக்கறன்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "அண்ணா, இதுக்கு வேற வழி இல்லிங்களா?"

"கம்பெனிக் காயில் இருந்தா நிக்கும்."

"இல்லைன்னுதானே சொன்னாங்க."

"இல்லைன்னுதான் சொன்னாங்க."

மூன்றாவதையும் நானே சுற்றிக் கொடுத்தேன். இதற்கிடையில் வேறு ஆட்களும் வர ஆரம்பித்திருந்தார்கள். சாவு நடந்த ஊரைச் சுற்றி முதலில். பிறகு காரிமங்கலம் பக்கத்திலிருந்தும். மாட்டுக் கொட்டாயில் போட்டுவைத்த ஆயில் ஸ்டார்ட்டரை எல்லாம் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கன்னடம் பேசுகிற ஒரு பெரியவர் கைப்பிடி இல்லாத பெட்டியைக் கொண்டுவந்தார். கைப்பிடியை மகன் கடப்பாரைக்குப் பதிலாக வைத்துக்கொண்டிருக்கிறான் என்றார். எடுத்து வரச் சொன்னேன். இரண்டு செத்த பெட்டியைப் பிரித்து ஒரு உயிர்ப் பெட்டி செய்தேன். தாமிரப் பட்டை கிடைத்தது. பீங்கான் கிடைத்தது. காயில்தான் எல்லாவற்றிலும் எரிந்திருந்தது.

முதலாளிக்கு முதலில் பிடிக்கவில்லை.

"ஏப்பா, இது மோட்டார் கடையா, காயலான் கடையா? புதுசு விக்கற எடத்துல பழசை அடுக்கி வெச்சா எவன் புதுசு வாங்குவான்?"

"குச்சி வெக்கறவன் வாங்குவான் முதலாளி."

அடுத்த வாரம் முதலாளி ஒயர்மேனோடு மொபெட்டில் கிளம்பிப் போனார். எங்கே என்று சொல்லவில்லை. சாயங்காலம் வந்தார். கடையில் இருந்து போன புது ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் போய்ப் பார்த்திருக்கிறார். ஒயர்மேன்தான் எனக்குச் சொன்னான். மூடி போட்ட பெட்டியே அதிகம் இல்லை என்றான். ஒரு கிணற்றில் பிள்ளைகள் குச்சியில் பொட்டு வைத்திருந்தார்களாம். ஆயுத பூசைக்கு வைத்தது.

முதலாளி கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "புதுசு விக்கறதை நிறுத்த மாட்டேன். டவுன் பக்கம் வோல்டேஜ் இருக்கறவனுக்கு அதுதான் சரி," என்றார். "ஆனா கேக்கறவனுக்குப் பழசும் இந்தக் கடையில இருக்கணும். குச்சிக்கு அது மேலு. நீ பின்னாடி ஒரு அலமாரி அடிச்சுக்க."

அன்றைக்கே சேலத்துக்கு டிரங்க் கால் போட்டார். போஸ்டாபீசில் காத்திருந்து பேசினார். ஏஜெண்டு முதலில், பழைய காயில் ஸ்டாக் இல்லைங்க என்றார். முதலாளி அந்த அம்மாவின் பெயரைச் சொன்னார். ஏஜெண்டு, ரெண்டு நாள் கொடுங்கள் என்றார்.

இரண்டு நாள் என்றது இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் என் கைச்சுத்துக் காயில்தான் ஓடியது. காலையில் எழுந்தால் இன்றைக்கு எரிந்துவிட்டதா என்பதுதான் நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்த அம்மாவைப் பார்ப்பேன். அவர் தலையை லேசாக ஆட்டுவார். ஓடுகிறது என்று அர்த்தம்.

ஏஜெண்டு பார்சல் லாரியில் கம்பெனிக் காயில் இருந்த மரப்பெட்டியை ஏற்றிவிட்டு, தானே பஸ்ஸில் வந்தார். கம்பெனிக் கிடங்கின் கடைசியில், எலி அரித்த அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்ததாம். கணக்கில் இருந்து எப்போதோ எடுத்துவிட்டார்களாம். மேலாளரிடம் கேட்டபோது, கழிசல்தானே, மொத்தமாக எடுத்துக்கொண்டு போ என்றாராம்.

"இதுக்கு மேல கிடையாதுங்க," என்றார் முதலாளியிடம். "அச்சையே உடைச்சுட்டாங்க. நானே போய்ப் பாத்தேன். இவ்வளவுதான் இருக்கு."

"போதுமாப்பா?" என்று முதலாளி என்னைக் கேட்டார்.

"போதாதுங்க. வெச்சுச் செய்யலாம்."

ஏஜெண்டு டீ குடிக்காமல் நின்றார். "அந்தம்மா நெலம் என்னாச்சு?"

"அவங்கதான் போடறாங்க மோட்டாரு," என்றான் ஒயர்மேன். "கொழுந்தன் இன்னும் மொகம் குடுத்துப் பேசறதில்லை."

"அது போகட்டும்," என்றார் ஏஜெண்டு.

ஒயர்மேன் அன்றைக்கே ஒரு காயிலை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனான். இருட்டுவதற்குள் மாட்டிவிட்டு வந்துவிட்டான். கம்பெனிக் காயில் உறுமாமல் பிடிக்கிறது என்றான். அந்த அம்மா மெயினைப் பிடுங்கிப் பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தார் என்றான். விழுந்ததா என்று கேட்டேன். விழுந்தது என்றான். வர்ற பட்டத்துக்கு அவரே உழவுக்கு ஆள் சொல்லிவிட்டாராம்.

கோடை முழுக்க லைன் அப்படித்தான் இருந்தது. அடுத்த கோடையும் அப்படித்தான். பழசு மாட்டிய கிணறுகளிலும் மோட்டார்கள் எரிந்தன. ஏஜெண்டு சொன்னது தப்பில்லை. வந்த மோட்டாரை எல்லாம் கட்டிக் கொடுத்தேன்.

ஏஜெண்டு வந்துபோன அன்று இரவு கடை சாத்தும் முன்னால், பெட்டியைப் பிரித்துக் காயில்களைப் பின் அலமாரியில் அடுக்கினேன். ஈரம் ஏறாமல் இருக்க ஒவ்வொன்றையும் மெழுகுத் தாளில் சுற்றினேன். எலி அரித்ததை ஒதுக்கினேன். ஒன்று அந்த அம்மா கிணற்றுக்குப் போய்விட்டது. இன்னொன்றை அவருக்கென்று தனியாக மேல் தட்டில் வைத்தேன். மீதியை எண்ணினேன்.

நாற்பத்தொன்று.